முழங்கை அசையக் கூடாது

அண்ணாச்சி, கொஞ்சம் எந்திரிச்சு வழி விடுங்க. ஜன்னலோரம் நான் உக்காந்துக்கிடுதேன். காத்து வாங்க ஆசைப்பட்டு இல்ல. இந்த வலது கைய எவனும் இடிச்சிரக் கூடாது, அதான். ஏரல் போய்ச் சேருததுக்குள்ள கண்டக்டர் பத்து தடவ இடிப்பாரு, பை வச்சிருக்கவன் இருவது தடவ இடிப்பான். ஆங், இப்பம் சரி.

எங்க விழுந்தீங்கன்னு கேக்கீங்க. எல்லாரும் அதத்தான் கேக்காங்க. முழங்கைல பெல்ட் போட்டிருந்தா விழுந்துதான் இருக்கணுமா? நான் விழல. பைக்குல இருந்து விழல, படில இருந்து விழல, தண்ணியப் போட்டுட்டும் விழல. தண்ணி நான் தொடுததே இல்ல. நான் ஜிம் மாஸ்டர். இருவத்தி ரெண்டு வருசம். ஏரல் பஸ் ஸ்டாண்டுல எறங்கி ஞானதுரை மாஸ்டர்னு கேளுங்க, டீக்கடைக்காரன்கூடக் கை காட்டுவான். இப்பம் காட்டுவானான்னு தெரியல. அந்தக் கத பொறவு.

நீங்க ஜிம் பக்கம் போனதுண்டா? சொல்ல வேண்டாம், பாத்தாலே தெரியுது. தோளு ரெண்டும் முன்னால விழுந்து கெடக்கு. உங்களச் சொல்லி என்ன, போறவன் மட்டும் ஒழுங்காவா செய்யுதான்? ஒருத்தன் கண்ணாடியப் பாத்துத் தலை சீவுதான். ஒருத்தன் போனைத் தூக்கி வச்சுக்கிட்டு அவனையே படம் எடுக்கான். எங்க ஊர்ல முத்துமாலைன்னு ஒருத்தர், அரிசி மில்லு வச்சிருக்காரு. கை வளரணும் மாஸ்டர், கை வளரணும்னு உயிர வாங்குவாரு. டம்பெல்லக் கைல எடுத்தா கோயில் மணி அடிக்க மாதிரி முன்னயும் பின்னயும் ஆட்டுவாரு. தூக்குதது கை இல்ல, இடுப்பு. பன்னெண்டு எண்ணிட்டு, மாஸ்டர் எப்படின்னு கேப்பாரு. இடுப்புக்கு நல்ல பயிற்சிங்கன்னு சொல்லிட்டு வந்துருவேன்.

நான் எல்லாருக்கும் மொதல்ல சொல்லிக் குடுக்கது ஒண்ணே ஒண்ணு. உக்காந்து செய்யுத பயிற்சி. சின்னப் பயிற்சிதான், ஆனா அதுல ஆளு எப்படின்னு தெரிஞ்சிரும். கேளுங்க, ஒங்களுக்கும் ஆகும்.

பெஞ்சு நுனில உக்காரணும். காலு ரெண்டையும் நல்லா விரிச்சு, பாதம் முழுசா தரைல பதியணும். இடுப்புல இருந்து லேசா முன்னால சாயணும், ஆனா முதுகு வளையக் கூடாது. டம்பெல்லு ரெண்டு காலுக்கும் நடுவுல. மேல்கையோட பின்பக்கம் தொடையோட உள்பக்கத்துல ஒட்டி இருக்கணும். முட்டி மேல முழங்கைய ஊணக் கூடாது, அது சோம்பேறி செய்யுத வேல. உள்ளங்கை மேல பாக்கணும். மணிக்கட்டு மடங்கக் கூடாது. மூச்ச விட்டுக்கிட்டே தூக்கணும். மேல ஒரு நொடி நிறுத்தணும். பொறவு எறக்கணும், மூணு எண்ணி, மெதுவா. தூக்குதது எவனும் தூக்கிருவான். எறக்குததுலதான் இருக்கு வேல. இவ்வளவுக்கும் முழங்கை இருந்த எடத்துல இருந்து ஒரு நூலு அசையக் கூடாது.

இதுல என்ன கஷ்டம்? ஒண்ணுமில்ல. ஆனா இருவத்தி ரெண்டு வருசத்துல இத ஒழுங்கா செஞ்சவன் எத்தன பேர்னு கேட்டா, ஒரு கை வெரலு போதும் எண்ணுததுக்கு. ஏன்னா சின்ன எடைல செய்யணும்லா. நாலு கிலோ, அஞ்சு கிலோ. பக்கத்துல நிக்கவன் சிரிச்சிருவானோன்னு எல்லாவனுக்கும் பயம். உடனே பதினஞ்ச எடுத்துருவான். எடுத்ததும் ஆட்டம் வந்துரும். வீம்புக்கு எடை எடுக்கவன மாதிரி ஒரு மடையன் ஒலகத்துல கெடையாதுன்னு நான் செவத்துலயே எழுதிப் போட்டிருந்தேன். இப்பம் அதுக்கு மேல சுண்ணாம்பு அடிச்சுட்டாங்களாம்.

சரி, கைக்கு வாரேன். இதுக்குக் காரணம் எம் பொண்டாட்டி.

பேரு பொன்சீலி. பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கா. பதினாறு வருசமா. நூத்தி நாப்பது பிள்ளைகளுக்குச் சோறு, சாம்பாரு, முட்டை. அண்டாவ எறக்குததும் ஏத்துததும்தான் வேல. கூட ஒரு உதவியாளம்மா உண்டு, அவளுக்கு எப்பமும் மூட்டுவலி. அதனால அண்டா இவ தலைலதான். கை கடுக்குதுன்னு வீட்டுக்கு வந்து சொல்லுவா. நானும் கேட்டுக்கிடுவேன். கேக்கலன்னு இப்பம் சொல்லுதா, அது பொய். தைலம் தேய்னு நாந்தானே சொன்னேன்?

ஒரு நா கேட்டா, "ஏங்க, ஊர்ல எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கீங்க, எனக்கும் கைக்கு ஏதாவது சொல்லிக் குடுக்கக் கூடாதா"ன்னு. நான் என்ன சொல்லணும்? "ஏட்டி, ஒனக்கு எதுக்கு அது, நீ என்ன போட்டிக்கா போகப்போற"ன்னேன். தப்பா? வீட்டுல போயி பாடம் நடத்த முடியுமா? காலைல அஞ்சு மணிக்குப் போயி ஒம்பது வரைக்கும் கத்திட்டு வாரேன், சாயங்காலம் திரும்பப் போயிக் கத்துதேன். வீட்டுல உக்காந்தா வாயத் தொறக்கப் பிடிக்காது. பொறவு ரெண்டு தடவ கேட்டா. மூணாந்தடவ கேக்கல. விட்டுட்டான்னு நெனச்சேன்.

நடுவுல ஒரு நா சாம்பார் அண்டா கை நழுவிப் போச்சாம். சமையக்கூடத்துக்கும் வராந்தாவுக்கும் நடுவுல. பிள்ளைகளெல்லாம் தட்டோட வரிசைல நிக்குதுங்க. நல்ல வேள, சாம்பாரு செவத்துப் பக்கம் கொட்டிருச்சு. இவ கால்ல கொஞ்சம் பட்டுச்சு. தலைமையாசிரியர் கூப்பிட்டு, "பொன்சீலி, ஒங்களால முடியலன்னா எழுதிக் குடுத்துருங்க, வேற ஆளப் பாக்கணும்"னு சொல்லிட்டாராம். இதெல்லாம் எனக்கு எப்பம் தெரியும்? ஆஸ்பத்திரில படுத்திருக்கும்போது அந்தோணியம்மா சொல்லித் தெரியும். அந்தோணியம்மா மீன் விக்குத பொம்பள, எல்லாம் அவளுக்குத் தெரியும். நான் இவள்ட்ட கேட்டேன், ஏன் எங்கிட்ட சொல்லலன்னு. சொன்னேங்கா. என்னைக்குச் சொன்னன்னு கேட்டேன். "கால்ல எண்ணெ தடவிக்கிட்டே சொன்னேன், நீங்க போன்ல வேற நாட்டுக்காரன் எடை தூக்குததப் பாத்துக்கிட்டு, சாம்பாரு போனா போகுதுட்டி, ரசம் வைன்னீங்க"ங்கா.

எனக்கு ஞாபகமே இல்ல. அப்படிச் சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேனா? ரசம் வைன்னு சொன்னது மட்டும் லேசா ஞாபகம் இருக்கு. அது வேற நாளாக்கூட இருக்கலாம்.

அது இருக்கட்டும். ஆவணி மாசம். காஸ் சிலிண்டர் வந்துச்சு. வழக்கமா நாந்தான் உள்ள தூக்கி வைப்பேன். அன்னைக்கு நான் பல்லு விளக்கிக்கிட்டு நிக்கேன், இவ குனிஞ்சு தூக்கிட்டுப் போயிட்டா. தூக்கிட்டுப் போனது பெருசில்ல. எப்படித் தூக்குனாங்கதுதான் விசயம். முதுகு நேரா இருந்துச்சு. மணிக்கட்டு மடியல. எறக்கும்போது டொம்முன்னு போடல. மெதுவா, மூணு எண்ணி எறக்குனா. நான் வாய் கொப்பளிக்காம அப்படியே நிக்கேன். பதினாறு வருசமா அண்டா தூக்குதவ திடீர்னு மணிக்கட்ட நேரா வைப்பாளா? யாரோ சொல்லிக் குடுத்திருக்கான். நான் இருக்க ஊர்ல, எம் பொண்டாட்டிக்கு, வேற எவனோ.

எவனோ இல்ல, எவளோ. விசாரிச்சா, கடைத்தெருவுல மருந்துக்கடைக்கு மேல ஒரு ஹாலு. அங்க டெல்சின்னு ஒரு பிள்ள, முப்பது வயசு இருக்கும். பிசியோதெரபி படிச்சிருக்காளாம். செவ்வா, வெள்ளி சாயங்காலம் நாலு மணிக்குப் பொம்பளைகளுக்கு மட்டும் வகுப்பு. பேரு வேற வச்சிருக்கா, வலிமை வகுப்புன்னு. நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பாயி, ரெண்டு கிலோ மூணு கிலோன்னு ரோஸ் கலர்ல பத்து டம்பெல்லு. கலரப் பாருங்க. டம்பெல்லுக்கு எதுக்கு ரோஸ் கலரு? இது ஜிம்மா, வளையல் கடையா? அங்க எம் பொண்டாட்டி மூணு மாசமாப் போயிக்கிட்டு இருக்கா. ஞானதுரை மாஸ்டர் பொண்டாட்டி.

எம் முகத்துல எவன் முழிப்பான் சொல்லுங்க. முத்துமாலை கேட்டே கேட்டுட்டாரு, "மாஸ்டர், வீட்டம்மா மருந்துக்கடை மாடில எடை தூக்குதாகளாமே, ஒங்க வைத்தியம் ஒத்துக்கிடலயோ"ன்னு. மணியாட்டி மனுசன் எனக்குச் சொல்லுதான்.

அடுத்த வெள்ளிக்கெழம கெளம்பிட்டேன். சண்ட போட இல்ல. அந்த டெல்சிக்குச் சரியானது எதுன்னு காட்டிட்டு வருவோம்னுதான். வெறுங்கையோட போனா மரியாதையா இருக்காதுல்லா. ஜிம்முல இருந்து இருவத்தி ரெண்டரை கிலோ டம்பெல்லு ஒண்ண எடுத்து, ஸ்கூட்டர்ல காலு வைக்கித எடத்துல வச்சுக்கிட்டுப் போனேன். கடைத்தெருவுல எல்லாவனும் பாக்கான். பாக்கட்டும்.

மாடி ஏறிப் போறேன். ஏழெட்டுப் பொம்பளைங்க. சேலை கட்டுனது, சுடிதார் போட்டது, அந்தோணியம்மா மீன் வாசத்தோட. நடுவுல எம் பொண்டாட்டி. நாற்காலி நுனில உக்காந்து, சேலைய முட்டி வரைக்கும் இழுத்துச் சொருகி, உள்ள பழைய டிராக் பேண்ட்டு. யாருது தெரியுமா? என்னோடது. மூணு மாசமாத் தேடிக்கிட்டு இருக்கேன் அத. மூணு கிலோ டம்பெல்லு வலது கைல. என்னைப் பாத்தா. பாத்துட்டு நிறுத்தல. எட்டு, ஒம்பது, பத்துன்னு முடிச்சுட்டுத்தான் வச்சா.

ஒரு உண்மையச் சொல்லுதேன் அண்ணாச்சி, வெளிய சொல்லாதீங்க. சரியாத்தான் செஞ்சா. மேல்கை தொடைல ஒட்டி, முதுகு நேரா, எறக்குதது மூணு எண்ணி. முழங்கை அசையவே இல்ல. நான் குத்தம் கண்டுபிடிக்கணும்னு தலைல இருந்து கால் வரைக்கும் பாத்தேன், ஒண்ணும் அகப்படல. அதுலதான் எனக்குக் கோவமே வந்துச்சு.

டெல்சி ஓடி வந்து, "வாங்க மாஸ்டர், உக்காருங்க மாஸ்டர்"னு ஸ்டூல இழுத்துப் போட்டா. மரியாதையாத்தான் பேசுனா. மரியாத இருந்தா போதுமா, வெவரம் வேண்டாமா?

"இது என்ன வகுப்பு?" ன்னு கேட்டேன். "மூணு கிலோவ வச்சு என்ன வரும்? தசைக்கு இது தாலாட்டு மாதிரி. தூங்கிரும்."

"அவங்களுக்கு வேலைக்கு வேண்டியது வந்தா போதும் மாஸ்டர். ரெண்டு கிலோல ஆரம்பிச்சு இப்பம்தான் மூணுக்கு வந்திருக்காங்க"ன்னு சொன்னா. "முறைய மட்டும் விடாம செய்யுதாங்க."

"முறையப் பத்தி எனக்குச் சொல்லுதியா?"

"அய்யோ, இல்ல மாஸ்டர். நீங்க வந்தது நல்லதாப் போச்சு. இவங்களுக்கு ஒரு தடவ செஞ்சு காட்டுங்களேன். இந்த மூணு கிலோவுலயே காட்டுங்க."

நல்ல எண்ணத்துலதான் சொன்னான்னு எல்லாரும் சொல்லுதாங்க. ரோஸ் கலர் டம்பெல்ல எங்கிட்ட நீட்டிக்கிட்டு நிக்கா. ஞானதுரை அதை வாங்குவானா? கீழ போயி ஸ்கூட்டர்ல இருந்து என்னோடத எடுத்துட்டு வந்தேன். பொன்சீலி எந்திரிச்சு நின்னா. "வேண்டாங்க"ன்னா. "இன்னும் ஒடம்பு சூடு பண்ணலல்லா, வேண்டாம்." ஒடம்பு சூடு பண்ணாம எடை தொடக் கூடாதுன்னு தினம் கத்துதவன் நான். எனக்கே சொல்லுதா. எனக்கு அன்னைக்குத் தனியாச் சூடு பண்ண வேண்டியதே இல்ல, வீட்டுல இருந்தே சூடாத்தான் வந்திருந்தேன்.

உக்காந்தேன். காலை விரிச்சேன். எல்லாம் முறைப்படிதான். ஒண்ணு. ரெண்டு. எல்லாவளும் வாயப் பொளந்து பாக்காளுவ. மூணு. நாலு. விளக்கம் வேற சொல்லிக்கிட்டே செய்யுதேன், பாருங்க முழங்கை, பாருங்க மணிக்கட்டுன்னு. அஞ்சு. அஞ்சாவது தூக்கும்போது இவ சொல்லுதா, மெதுவாத்தான் சொன்னா, ஆனா எல்லாருக்கும் கேட்டுச்சு. "முதுகு ஆடுது."

முதுகு ஆடல. நான் சத்தியம் பண்ணுவேன். ஸ்டூலு ஆடுச்சு. மெத்த வச்ச ஸ்டூலு, அதுல எவன் உக்காந்தாலும் ஆடும். "ஆடலட்டி"ன்னேன். ஆறாவதத் தூக்குனேன். தூக்கிட்டேன், அது முக்கியம், தூக்கிட்டேன். எறக்கும்போதுதான் முழங்கைக்குள்ள டப்புன்னு ஒரு சத்தம். கயிறு அறுந்த மாதிரி. டம்பெல்லு தரைல விழுந்து, டைல்ஸு ஒண்ணு ஒடஞ்சு, கீழ மருந்துக்கடைக்காரன் மேல வந்துட்டான். எங் கை தொங்குது. மேல்கைத் தசை உருண்டு, ஒரு எலுமிச்சம்பழம் கணக்கா தோளப் பாத்து ஏறி நிக்கி.

அந்தோணியம்மா சிரிச்சா. பொறவு ஆஸ்பத்திரிக்கு மீன் கொழம்போட வந்தா, அது வேற. ஆனா அந்த நேரத்துல சிரிச்சா. நான் மறக்கல.

பொன்சீலி சிரிக்கல. ஓடவும் இல்ல, கத்தவும் இல்ல. அவ சேலைத் தலப்பைக் கிழிச்சுக் கையத் தூக்கிக் கழுத்தோட கட்டுனா. டெல்சி ஐஸ் கொண்டாந்தா. மாடிப்படில எறங்கும்போது எனக்குத் தலை சுத்திருச்சு, இவ என்னைய இடுப்போட சேத்துத் தாங்கி எறக்கி, ஆட்டோல ஏத்துனா. எம்பத்தி நாலு கிலோ நான். ஒருத்தி தாங்குனா. ஆட்டோல போகும்போது சொல்லுதேன், ஸ்டூலு ஆடுச்சுட்டின்னு. அவ எங் கையப் பிடிச்சுக்கிட்டு, "முதுகுதாங்க ஆடுச்சு"ன்னா. அந்த நெலமைல ஒரு மனுசன்ட்ட யாராவது இப்படிச் சொல்லுவாங்களா?

முழங்கைகிட்ட எலும்போட தசையச் சேத்துப் பிடிச்சிருக்க நாரு அறுந்து போச்சுன்னு டாக்டர் சொன்னாரு. திருநெல்வேலில ஆபரேசன். அந்த டாக்டர் ஒரு வெவரம் கெட்டவரு. "இந்த வயசுல, அம்பத்தி ரெண்டுல, இந்த எடை தேவையா"ன்னு கேக்காரு. அவரு தொப்ப மேசைல இடிக்கி. எனக்குச் சொல்லுதாரு.

ஆறு வாரம் கைய அசைக்கக் கூடாது. சட்ட போட்டு விடுதது பொன்சீலி. பட்டன் போட்டு விடுதது பொன்சீலி. தலை சீவி விடுவா, வகிடு எடுக்கத் தெரியாது, எப்பமும் கோணலா எடுத்துருவா. சோறு பெசஞ்சு குடுத்துட்டு, பள்ளிக்கூடம் போயி நூத்தி நாப்பது பிள்ளைகளுக்குச் சமைச்சுட்டு, வந்து திரும்பவும் எனக்கு. ஒரு நா கேட்டேன், கை கடுக்குதாட்டின்னு. கை கடுப்பெல்லாம் போயி மாசக்கணக்காச்சுன்னா. நல்லதுன்னேன். அண்டா நழுவுதா? அண்டா நழுவுததே இல்லன்னா. தலைமையாசிரியர் அதுக்குப் பொறவு ஒண்ணும் சொல்லலயாம். அந்த டெல்சியால வந்ததுன்னு நெனைக்கா. தைலம் நான் எத்தன வருசம் வாங்கிக் குடுத்திருப்பேன், அது பேச்சே இல்ல.

இதுக்கு நடுவுல ஜிம்முக்காரரு வேற ஆளப் போட்டுட்டாரு. ஒரு பய, பாட்டுப் போட்டு எல்லாரையும் குதிக்கச் சொல்லுதானாம். முத்துமாலை குதிக்காராம். நல்லாக் குதிக்கட்டும். மில்லே அதிரும்.

டெல்சியும் போயிட்டா. சென்னைல வேல கெடச்சுதாம். போகுததுக்கு முன்னால வீட்டுக்கு வந்து, ஆரஞ்சு வாங்கிட்டு வந்து, மன்னிச்சுக்கிடுங்க மாஸ்டர்னா. "ஸ்டூல மாத்து"ன்னு சொல்லி அனுப்புனேன். ஹாலப் பூட்டிட்டாங்க. அந்தப் பொம்பளைங்க எங்க போவாங்க? சனிக்கெழம நாலு மணிக்கு எங்க வீட்டு முத்தத்துல வந்து நிக்காங்க. பொன்சீலி வரச் சொல்லியிருக்கா. என்னைக் கேக்கல. டம்பெல்லு கெடையாது. தண்ணி பாட்டில்ல ஆத்து மணல ரொப்பி, துணி சுத்தி, கைப்பிடி மாதிரி கட்டிக் குடுத்திருக்கா. நான் உள்ள கட்டில்ல படுத்திருக்கேன். இவ எண்ணுத சத்தம் கேக்குது. ஒண்ணு, ரெண்டு, மூணு.

நான் பாக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். ஜன்னல் தொறந்து கெடந்துச்சு, அதுக்கு நான் என்ன செய்ய? பாத்தா வயிறு எரியுது. கைப்பிடி வச்ச நாற்காலில உக்காந்திருக்காளுவ. கைப்பிடி இருந்தா காலை எப்படி விரிப்பா? முழங்கை எப்படித் தொடைல ஒட்டும்? அந்தோணியம்மா முட்டி மேல ஊணிக்கிட்டு ஆட்டுதா. ரேசன் கடை சொர்ணம் மூச்ச உள்ளயே வச்சுக்கிட்டு செவந்து போயி இருக்கா. பொன்சீலி ஒருத்தி, எத்தன பேரப் பாப்பா?

"கைப்பிடி இல்லாத நாற்காலி போடுட்டி"ன்னு உள்ள இருந்தே கத்துனேன்.

பொன்சீலி ஜன்னலப் பாத்தா. "எங்க இருக்கு?" ன்னா.

"சர்ச்சுக்குப் பின்னால அடுக்கி வச்சிருக்காங்கள்ல, மடக்கு நாற்காலி."

"நான் எண்ணிக்கிட்டு இருக்கேன். நீங்க போயி எடுத்துட்டு வாங்க."

ஒரு கை ஒடஞ்சவனப் பாத்து, நாற்காலி எடுத்துட்டு வான்னு சொல்லுதா. அதுவும் ஏழு பொம்பளைங்க முன்னால. நான் போனேன். எதுக்குப் போனேன்னா, அந்த அநியாயத்த எத்தன நேரம் பாத்துக்கிட்டு இருக்க? எடது கைல ரெண்டு ரெண்டா நாலு நடை. வந்து நாற்காலியப் போட்டுட்டு, சரி, ஒரு நிமிசம் பாப்போம்னு நின்னேன். அந்தோணியம்மா கைய எடுத்துத் தொடையோட உள்பக்கம் வைக்கச் சொன்னேன். சொர்ணத்துக்கு மூச்சு சொன்னேன். முதுகுன்னு ஒருத்திட்ட, மணிக்கட்டுன்னு ஒருத்திட்ட. ஒரு மணி நேரம் ஆச்சு. தொண்டை கட்டிருச்சு. ஒருத்தி நன்றின்னு சொல்லணுமே? "மாஸ்டர், ஒங்க வாய் மட்டும் ஒடையல"ன்னா அந்தோணியம்மா. மத்தவளுவ சிரிச்சாளுவ. நான் சிரிக்கல.

அடுத்த சனிக்கெழமையும் போனேன். அதுக்கடுத்ததும். போகலன்னா பழைய மாதிரி ஆட்ட ஆரம்பிச்சிருவாளுவ, அந்தப் பயம்தான். இப்பம் பதினோரு பேர் வாராளுவ. ரெண்டு பேர் பக்கத்துப் பள்ளிக்கூடத்துல சமைக்கவளுவ. எனக்கும் அரைக் கிலோல ஆரம்பிக்கலாம்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க. அரைக் கிலோ, அண்ணாச்சி. ஒரு வெங்காயப் பொட்டலம். அதைக் கைல வச்சுக்கிட்டு நானும் கடைசி நாற்காலில உக்காந்து தூக்குதேன். பொன்சீலி என் முன்னால முட்டி போட்டு உக்காந்து, முழங்கைக்குக் கீழ உள்ளங்கைய ஏந்தி வச்சிருப்பா. அசையுதான்னு பாக்காளாம். இருவத்தி ரெண்டு வருசத்து மாஸ்டரு முழங்கைய. நான் ஒண்ணும் சொல்லுததில்ல. சொன்னா கைய எடுத்துருவா.

போன சனிக்கெழம நடந்ததச் சொல்லுதேன், நீங்களே ஞாயத்தச் சொல்லுங்க. இதே மாதிரி ஆஸ்பத்திரிக்கு வந்தேன். கூட்டம். டாக்டர் வர ரெண்டு மணி. பஸ் கெடைக்கல. வீடு போய்ச் சேரும்போது மணி அஞ்சே முக்கா. பாத்தா, முத்தத்துல பதினோரு பேரும் அப்படியே நிக்காளுவ. நாற்காலி போடல. பாட்டில எவளும் எடுக்கல. அந்தோணியம்மா வெத்தல போட்டுக்கிட்டு செவத்துல சாஞ்சிருக்கா. பொன்சீலி படில உக்காந்து முருங்கக்கீர உருவிக்கிட்டு இருக்கா.

எனக்கு வந்துச்சே கோவம். "ஏட்டி, ஒனக்குத்தான் எல்லாம் தெரியும்லா? எண்ணத் தெரியும், செய்யத் தெரியும், என் முதுகு ஆடுனதக்கூடக் கண்டுபிடிக்கத் தெரியும். ஆரம்பிச்சிருக்க வேண்டியதுதான? ஒண்ணே முக்கா மணி நேரமா என்னத்துக்கு நிக்கீங்க எல்லாரும்?" ன்னு கேட்டேன்.

அவ கீரையக் கீழ வச்சுட்டு என்ன சொன்னா தெரியுமா?

"ஆரம்பிச்சிருக்கலாம்தான். தப்பு சொல்லுததுக்கு ஆளு வேண்டாமா"ன்னா.

பாத்தீங்களா? ஒத்துக்கிட்டா. தனக்கு முழுசாத் தெரியாதுன்னு கடைசில அவ வாயாலயே ஒத்துக்கிட்டா. கல்யாணமாகி இருவத்தி அஞ்சு வருசத்துல மொத தடவ. அத சொல்லிட்டு சிரிச்சுக்கிட்டே உள்ள போறா. அதுல சிரிக்க என்ன இருக்கு? நீங்களும் எதுக்குச் சிரிக்கீங்க?

இன்னைக்கும் சனிக்கெழம, ஆஸ்பத்திரில எனக்கு நாப்பத்தி மூணாவது டோக்கன். பதினெட்டுதான் கூப்பிட்டிருக்கான். கெளம்பி வந்துட்டேன். டாக்டரு என்ன, அடுத்த வாரமும் அங்கதான் இருப்பாரு. நாலு மணிக்கு நான் போயி நிக்கலன்னா அதுக ஒண்ணும் தொடாதுங்க. என்ன செய்ய, தானா ஒண்ணும் செய்யத் தெரியாத கூட்டம்.

ஏரல் பாலம் வந்துட்டு. எறங்கணும். அந்தப் பைய எடுத்து இந்த எடது தோள்ல மாட்டி விடுங்க அண்ணாச்சி. உள்ள ரெண்டு கிலோ டம்பெல்லு ஆறு இருக்கு, பாத்து. ரோஸ் கலரு ஒண்ணுதான் இருந்துச்சு கடைல, வேற கலரு கேட்டேன், இல்லன்னுட்டான். அப்படி இல்ல, அப்படி இல்ல. குனியும்போது முதுக வளைக்காதீங்க. முட்டிய மடக்கி எடுங்க. ஆங். மெதுவா.